இறுகப் பிடித்த கை பெருவிரல் பக்கமாக மட்டும் ஏன் எளிதில் விடுபடுகிறது?

வாசகர் தம் இடது மணிக்கட்டை வலக்கையால் இறுகப் பற்றிப் பார்த்தால், ஒரு பக்கம் நான்கு விரல்களும் மறுபக்கம் பெருவிரல் ஒன்றும் மட்டுமே இருப்பதும், இரண்டும் சந்திக்கும் இடைவெளியே பிடியின் பலவீனமான வாய் என்பதும் உடனே புலப்படும்.

வேறொருவர் இப்படிப் பிடித்தால், கையைப் பின்னுக்கு இழுப்பதே எவருக்கும் இயல்பாக வருகிறது. ஆனால் அது பிடித்தவரின் தோள் பலத்தோடு நேருக்கு நேர் மோதுவதாகவே முடிகிறது.

இலங்கையின் பதுளைத் தேயிலைத் தோட்டங்களில் மண்ணில் புதைந்த கல்லை அலவாங்கால் நெம்புவது போல, மணிக்கட்டின் ஒடுங்கிய விளிம்பை அந்த வாய்க்கு நேராகத் திருப்பி, முழங்கையை, பிடித்தவரை நோக்கி முன்னே செலுத்தி மடக்கினால், முன்கை முழுவதும் நெம்புகோலாக, அதாவது சிறு விசையைப் பெருக்கித் தரும் தண்டாக மாறி, பெருவிரல் ஒன்றை மட்டுமே எதிர்க்கிறது. கொழுந்து கொய்து உரமேறிய விரல்களுக்கும் இதே கதிதான்.

பிடிகளைப் போர்க்கலைகளும் கையாள்கின்றன. இலங்கையில் 1817–18 ஊவா வெல்லஸ்ஸ கிளர்ச்சியை அடுத்து ஆங்கிலேயர் தடைசெய்ததாகக் கூறப்படும் சிங்கள மரபுப் போர்க்கலையான அங்கம்பொறவில், ஆயுதமில்லாப் பிரிவு ‘அங்கம்’ எனப்படுகிறது. பிடிகளும் பூட்டுகளும் அதில் முக்கிய இடம் பெறுகின்றன.

மணிக்கட்டுப் பிடியிலோ, பிடித்தவர் மறுகையையும் சேர்த்துவிட்டால் ஒற்றைப் பெருவிரல் என்ற கணக்கு மாறிவிடும் என்பதால், முதல் கணத்திலேயே கையை விடுவித்து, உடனே விலகி ஓடுவதே உகந்தது.