புதர்வானம்பாடியின் இனங்கள்

புஞ்சை நிலங்களிலும் மேய்ச்சற் புறம்போக்குகளிலும் திரியும் மண்ணிறச் சிறு பறவை ஒன்றைக் குடியானவர்கள் பலரும் கண்டிருப்பர். குட்டை வாலும், பருத்த அலகும், மார்பில் கறுத்த புள்ளிகளும், பறக்குங்கால் இறகில் தோன்றும் செந்நிறமும் அதன் அடையாளங்களாம். இதுவே புதர்வானம்பாடி. இதனை ஊர்க்குருவியின் பேடென மயங்குவாரும் உளர். ஆனால், மற்றப் பாடும் பறவைகளின் கணைக்கால் பின்புறம் கூரிய விளிம்பாயிருக்க, வானம்பாடிகளுக்கு அது உருண்டு செதில் மூடியிருக்கும். இக்குறி கொண்டே இவற்றைத் தனிக் குடும்பமாக வகுத்துள்ளனர்.

1821-ஆம் வருஷத்தில் ஹார்ஸ்பீல்டு என்பவர், ஜாவாத் தீவின் பறவையைக் கொண்டு 'மிராப்ரா' என்னும் பேரினத்தை ஏற்படுத்தினார். புதர்வானம்பாடிகள் நெடுங்காலம் அதனுள்ளேயே வைக்கப்பட்டிருந்தன. பிற்காலத்தார் நிறத்தையும் உருவத்தையும் மட்டுமே நோக்கி, வங்காளம், பர்மா, இந்தோசீனா, தென்னிந்தியா ஆகிய இடங்களிலுள்ளவற்றை ஒரே இனமாகச் சேர்த்துவிட்டனர்.

1998-இல் ஸ்வீடன் தேசத்து அறிஞர் ஆல்ஸ்ட்ரம், இவற்றின் பாட்டையும் நடத்தையையும் ஆராய்ந்து நான்கும் வெவ்வேறு இனங்கள் என்று நிறுவினார். வங்காளப் பறவை ஆகாயத்தில் நெடுநேரம் பறந்துகொண்டே பாடும். நம் பறவையோ பெரும்பாலும் மரக்கிளையிலோ புதரிலோ அமர்ந்து பாடும். பின்னர் 2023-இல் வெளியான மரபணு ஆராய்ச்சியின்படி, இந்நான்கும் இந்தியப் புதர்வானம்பாடியும் மிராப்ராவினின்று பிரிக்கப்பட்டு, 'புளோசியலாடா' என்னும் பேரினத்தில் வைக்கப்பட்டன. அவ்வைந்து இனங்களாவன:

1. வங்காளப் புதர்வானம்பாடி: வட இந்தியாவும் வங்காளமும்.
2. ஜெர்டன் புதர்வானம்பாடி: தென்னிந்தியாவும் இலங்கையும். சென்னைப் பட்டாளத்து வைத்தியராயிருந்த ஜெர்டன் பெயரால் வழங்குவது. நம் வயல்களிற் காண்பது இதுவே.
3. இந்தியப் புதர்வானம்பாடி: வறண்ட முட்புதர் நிலங்கள், இறகின் செந்நிறம் மிக விரிந்தது.
4. பர்மியப் புதர்வானம்பாடி: பர்மாவின் வறண்ட நடுப்பகுதி.
5. இந்தோசீனப் புதர்வானம்பாடி: தாய்லாந்து, கம்போடியா முதலிய நாடுகள்.

இப்பிரிவினை ஏட்டோடு நிற்பதன்று. ஒரே இனமென்று எண்ணியிருந்தகாலை, இங்கு குறைந்தாலும் வங்காளத்திலும் பர்மாவிலும் உண்டென்று இருந்துவிடலாம். இப்போது அவ்வாறு இருத்தற்கில்லை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அழிந்தால் ஜெர்டன் புதர்வானம்பாடி உலகிலேயே அற்றுப்போகும்.

இப்பறவை தரையில் புல்தூற்றின் அடியிற் கூடு கட்டும். புல்விதைகளையும் சிந்திய தானியத்தையும் உண்பது மெய்யே. ஆயினும் குஞ்சுகளுக்கு வெட்டுக்கிளி, புழு முதலியவற்றையே ஊட்டுவதால் விவசாயிக்கு நன்மையே விளைகிறது. வரப்புப் புல்லைக் கொளுத்துவதும், தரிசு முழுவதையும் ஒரே நாளில் உழுவதும், பூச்சிமருந்தைக் கண்டபடி தெளிப்பதும் கூட்டை அழித்துவிடும்.

ஆகையால் பறவையொன்று அலகிற் பூச்சியைக் கவ்வியபடி, விழுங்காமல் ஓரிடத்தையே சுற்றிவரக் கண்டால், அருகே கூடு உண்டென்று அறிந்து, குஞ்சுகள் பறக்கும்வரை அவ்விடத்தை விட்டுவைத்தல் நலம். வரப்போரத்தில் ஒரு முழ அகலமேனும் புல்லை நிறுத்துவதால் மகசூல் குறையாது. வானம்பாடிகளை வலைவைத்துப் பிடித்தல் 1972-ஆம் வருஷத்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும் என்பதைக் கிராமாதிகாரிகள் ஊராருக்கு எடுத்துரைப்பார்களாக.