கல்வராயனில் ஒரு கடுக்காய் ரவுண்டு!

நாட்டு மருந்துக் கடையில் பொட்டலமாகக் கிடைக்கிறதே கடுக்காய்ப் பொடி, அது பொடியாகும் முன் என்ன பாடு படுகிறது தெரியுமா? வாங்க, எட்டிப் பார்த்துவிடலாம்! கள்ளக்குறிச்சியில் கிளம்பி, கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏறினால் கடுக்காய்க் காடு.

பொங்கல் கழிந்தால் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் காய் பொறுக்கக் கிளம்பிவிடும். பச்சையும் மஞ்சளுமாக உதிர்ந்த காய், வெயிலில் காயக் காயச் சுருங்கிக் கறுத்து, ஐந்து வரிகளோடு கல் மாதிரி ஆகிவிடுகிறது. நல்ல காயா? தண்ணீரில் போட்டால் மூழ்கணும் என்கின்றன பழைய மருத்துவ நூல்கள். தொபுக்கென்று அது அடியில் போய் உட்காருவதைப் பார்க்க அவ்வளவு ஆசை எனக்கு!

அடுத்துதான் அசத்தல் காட்சி. கல்லில் வைத்து ஒரே தட்டு! தோல் சில்லு சில்லாகத் தெறிக்க, நடுவில் கொட்டை மட்டும் முழுசாக நிற்கும். சுக்குக்குத் தோலில் நஞ்சு, கடுக்காய்க்குக் கொட்டையில் நஞ்சு என்பது வைத்தியர்கள் வழிவழியாகச் சொல்லும் பாடம். மருந்து என்பது அந்தத் தோல்தான். கொட்டையோடு சேர்த்து அரைத்தால் எடை கூடும், மருந்து குறையும். பொடியான பிறகு யார் கண்டுபிடிப்பது? அதனால்தான் எனக்கு முழுக் காயாக வாங்கி வீட்டில் உடைப்பதே பிடிக்கும்.

கண்ணுக்குத் தெரியாத வில்லன்களும் உண்டு. சரியாகக் காயாத சரக்கில் பூஞ்சை பிடித்தால் ஈரலைக் கெடுக்கும் அஃப்ளடாக்சின் சேரலாம். ஆய்வகத்தில் ஈயம், பாதரசம், ஆர்சனிக், காட்மியம் நான்கையும் தேடுகிறார்கள். ஈயத்துக்கு உச்ச வரம்பு 10 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் பத்துப் பங்கு. தேடாமல் விட்டால்? 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் கடைகளில் வாங்கிய, தெற்காசியாவில் தயாரான 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தார்கள். 14-ல் ஈயமோ, பாதரசமோ, ஆர்சனிக்கோ இருந்தது!

சரி, வேலை செய்யுமா? மலச்சிக்கலுக்குக் கைகண்ட மருந்து. திரிபலாவில் மூன்றில் ஒன்று இதுதான். 2020-ல் கொரோனா காலத்தில் ஊரே குடித்த கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளில் கடுக்காய்த் தோலும் உண்டு. வாய்க் கிருமிகளை அடக்குவதாகச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. சர்க்கரை நோயை ஒழிக்கும், புற்றுநோயை விரட்டும் என்பதற்கெல்லாம் போதுமான ஆதாரம் இல்லை. அப்படி யாராவது விற்றால் நகர்ந்துவிடுங்கள். இன்சுலினை நிறுத்திவிட்டுப் பொடியை நம்புவது உயிரோடு விளையாட்டு.

சித்த மருந்தாக டப்பாவில் வாங்கினால் உரிம எண், தொகுதி எண், காலாவதி தேதி மூன்றையும் தேடிப் பாருங்கள். கர்ப்பிணிகளுக்குக் கடுக்காய் வேண்டாம். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்கள் அதே நேரத்தில் இதைச் சாப்பிட வேண்டாம். கடுக்காயின் துவர்ப்புச் சத்தான டானின், இரும்பை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும்.