1968-ல் முடிந்த தொடர், இன்னும் முடியாத வாதம்: யார் இந்த ‘நம்பர் சிக்ஸ்’?

ஓர் உளவாளி கோபமாக வந்து ராஜினாமா கடிதத்தை மேலதிகாரியின் மேசையில் வைக்கிறார். லோட்டஸ் காரில் வீடு திரும்பிப் பெட்டி கட்டுகிறார். சாவித் துவாரம் வழியே மயக்கப் புகை. கண் விழித்தால் அதே அறை, ஆனால் ஜன்னலுக்கு வெளியே வேறு ஊர். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். இவர் ‘நம்பர் சிக்ஸ்’.

பிரிட்டனின் ஐடிவி-யில் 1967 செப்டம்பரில் தொடங்கிய ‘தி பிரிசனர்’ தொடரின் கதை இதுதான். மொத்தம் 17 எபிசோடுகள். ‘வில்லேஜ்’ என்ற அந்த ஊரை நிர்வகிப்பவர் ‘நம்பர் டூ’. அந்த நாற்காலியில் அடிக்கடி ஆள் மாறிக்கொண்டே இருக்கும். எல்லோருக்கும் ஒரே கேள்வி: ஏன் வேலையை விட்டாய்? அவர் பிடிகொடுப்பதில்லை. தொடரும் தெளிவாகச் சொல்வதில்லை. அந்த இடைவெளியில்தான் ரசிகர்களின் கோட்பாடுகள் குடியேறின.

இவர் ஜான் டிரேக்கா?

மிகப் பழைய சண்டை இது. நம்பர் சிக்ஸாக நடித்த பேட்ரிக் மெக்கூஹன், அதற்கு முன் ‘டேஞ்சர் மேன்’ தொடரில் ஜான் டிரேக் என்ற உளவாளியாகப் பிரபலமானவர். டிரேக்தான் ராஜினாமா செய்து மாட்டிக்கொண்டார் என்கிறது ஒரு தரப்பு. ஆதாரம் இல்லாமல் பேசவில்லை. தொடரின் கதை ஆசிரியர் ஜார்ஜ் மார்க்ஸ்டீனே அப்படித்தான் சொன்னார். (டைட்டில் காட்சியில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ராஜினாமாவை வாங்குபவர் அவரேதான்!) இரண்டு தொடர்களிலும் ‘பாட்டர்’ என்ற பெயரில் ஒரு பாத்திரம் வருகிறது, இரண்டிலும் நடித்தவர் கிறிஸ்டோபர் பெஞ்சமின்.

மெக்கூஹன் கடைசிவரை மறுத்தார். டிரேக்கை உருவாக்கியவர் ரால்ஃப் ஸ்மார்ட். ஒப்புக்கொண்டால் அவருக்கு உரிமைத்தொகை தர வேண்டியிருக்கும், அதனால் மழுப்புகிறார் என்று ரசிகர்கள் விடவில்லை.

சரி, டிரேக்காக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? இங்கேதான் விஷயம் இருக்கிறது. டிரேக் என்றால் இது ஓர் அரசுக்கும் அதன் உளவாளிக்கும் இடையிலான கணக்கு. ரகசியம் தெரிந்தவரை வெளியே விட முடியாது, பூட்டி வைக்கிறார்கள். மார்க்ஸ்டீன் எழுத நினைத்தது இந்தக் கதையைத்தான். பெயரே இல்லாதவர் என்றால் சிறை யாருக்கானதாகவும் ஆகிவிடுகிறது. மெக்கூஹனுக்கு வேண்டியது அது. இருவரும் ஒத்துப்போகவில்லை; மார்க்ஸ்டீன் பாதியில் விலகினார். ரசிகர்களின் சண்டை அந்தப் பிரிவின் தொடர்ச்சிதான்.

ஒரு காற்புள்ளி செய்த வேலை

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் அழகானது காற்புள்ளிக் கோட்பாடு. பெரும்பாலான எபிசோடுகளின் டைட்டிலிலும் நம்பர் சிக்ஸ், “யார் நம்பர் ஒன்?” என்று கேட்பார். பதில் தமிழில் இப்படி வரும்: “நீதான் நம்பர் சிக்ஸ்.” கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் மாதிரி இருக்கிறதா? நடுவே ஒரு காற்புள்ளி போடுங்கள். “நீதான், நம்பர் சிக்ஸ்.” பதில் கிடைத்துவிட்டது!

கடைசி எபிசோடான ‘ஃபால் அவுட்’டை மெக்கூஹனே எழுதி இயக்கினார். அதில் நம்பர் ஒன்னின் முகமூடியைக் கழற்றினால் குரங்கு முகம். அதையும் கழற்றினால் நம்பர் சிக்ஸின் முகமேதான். ஜேம்ஸ் பாண்ட் பாணி வில்லனை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். ஆனால் முடிவு தெரிந்த பிறகு டைட்டிலைத் திரும்பப் பார்த்தால், விடை ஆரம்பத்திலேயே காதில் விழுந்திருக்கிறது. டிரேக் கோட்பாட்டால் இந்த முகத்தை விளக்க முடியவில்லை. அதன் பெரிய ஓட்டை அதுதான்.

தப்பித்தாரா என்பதிலும் சந்தேகம் உண்டு. லண்டன் வீட்டுக்குத் திரும்புகிறார். கதவில் எண் 1. அந்தக் கதவு வில்லேஜின் கதவுகளைப் போலவே தானாகத் திறக்கிறது. வெளியேறவே இல்லை என்கிறார்கள் பலர்.

எல்லாவற்றிலும் அர்த்தம் தேடினால் வழுக்கவும் செய்யும். தப்பி ஓடுபவர்களைத் துரத்தும் வெள்ளை பலூன் ‘ரோவர்’ பற்றி எத்தனையோ தத்துவ விளக்கங்கள். உண்மையில், முதலில் செய்த இயந்திரம் ஒழுங்காக ஓடவில்லை. அதனால் வானிலை ஆய்வு பலூனைக் கொண்டுவந்தார்கள். ஓர் எபிசோடில் நாயகனின் மனம் வேறொருவர் உடலுக்கு மாறுவதும் அப்படித்தான். மெக்கூஹன் ‘ஐஸ் ஸ்டேஷன் ஜீப்ரா’ படப்பிடிப்புக்குப் போயிருந்தார்.

இன்னொரு வாசிப்பும் உண்டு. கைதி மெக்கூஹனேதான் என்பது அது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ‘டேஞ்சர் மேன்’ போதும் என்று விலகியவர் அவர். நல்ல வேலையை விட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், “ஏன் விட்டே?” என்ற கேள்வி எவ்வளவு நாள் துரத்தும் என்று சொல்வார்கள். ஒருவகையில் ரசிகர்களும் நம்பர் டூ வேலையைத்தான் பார்க்கிறார்கள். சொல்ல மாட்டேன் என்பவரிடம் திரும்பத் திரும்பக் காரணம் கேட்கிறார்கள்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. எபிசோடுகளின் வரிசையிலும் தகராறு உண்டு. எட்டாவதாக ஒளிபரப்பான ‘டான்ஸ் ஆஃப் தி டெட்’டில், தான் ஊருக்குப் புதுசு என்கிறார் நாயகன்! ரசிகர்கள் விதவிதமாக மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். முதல் தடவை ஒளிபரப்பான வரிசையிலேயே பார்த்துவிடுங்கள். அடுக்குவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.