அறிமுகம் உறவாக மலரட்டும்

"யாராவது தெரிந்தவர் இருந்தால் சொல்லுங்களேன்." ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய வாசலில் நிற்கும்போது, படிப்பை முடித்த பிள்ளைகளின் பெற்றோர் நம்மிடம் கேட்கும் வார்த்தை இது. காரைக்காலை அடுத்த நெரவியில் இதற்குக் கூடுதல் அழுத்தம் உண்டு. எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகத்தின் காவிரிப் பகுதி அலுவலகம் இங்கே இருக்கிறது. பல மாநிலங்களிலிருந்து பொறியாளர்களும் அதிகாரிகளும் வந்து பணியாற்றுகிறார்கள். அவர்களில் ஒருவரைத் தெரிந்துகொண்டால் போதும், வழி பிறந்துவிடும் என்று நம் இளையோர் எண்ணுகிறார்கள்.

ஆனால் அறிமுகம் கிடைத்த பிறகு என்ன பேசுவது? சிலர் முதல் நிமிடத்திலேயே, "சார், ஒரு வேலை வேண்டும்" என்று கேட்டுவிடுகிறார்கள். சிலர் கூச்சத்தில் வாயே திறப்பதில்லை. இரண்டிலும் உரையாடல் நடப்பதில்லை. விசிட்டிங் கார்டு சட்டைப்பையில் கிடக்கும். எண் கைப்பேசியில் கிடக்கும். உறவு மட்டும் வளராது.

நம் காவிரிக் கரையில், கும்பகோணத்தில் வளர்ந்த ஓர் இளைஞரை நினைத்துப் பார்ப்போம். கணிதத்தில் மட்டுமே மனம் தோய்ந்ததால் கல்லூரித் தேர்வுகளில் தோற்று, உதவித்தொகையையும் இழந்தவர் சீனிவாச இராமானுஜன். 1910-ஆம் ஆண்டு அவர் திருக்கோவிலூருக்குச் சென்று, இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய துணை ஆட்சியர் வி. இராமசாமி ஐயரைச் சந்தித்தார். எழுத்தர் வேலை ஒன்று கேட்கத்தான் போனார். ஆயினும் தன் வறுமையை மட்டும் விவரிக்கவில்லை. தன் குறிப்பேட்டைத் திறந்து காட்டினார். அதைப் பார்த்த ஐயர், இத்தகைய திறமையைக் கீழ்நிலை வேலையில் முடக்கக் கூடாது என்று எண்ணி, சென்னையிலுள்ள கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்தனுப்பினார்.

அந்தத் தொடர்பு அவரை நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவிடம் கொண்டு சேர்த்தது. முதலில் ராவுக்கு அந்தக் குறிப்பேட்டில் இருந்தது விளங்கவில்லை. அடுத்து வந்தபோது இராமானுஜன் கேட்பவரின் நிலையை உணர்ந்து, எளிய முடிவுகளிலிருந்து தொடங்கிப் படிப்படியாக அரியவற்றுக்கு அழைத்துச் சென்றார். "உனக்கு என்ன வேண்டும்?" என்று ராவ் கேட்டபோது, ஆய்வைத் தொடர்வதற்குப் பிழைக்கும் அளவு ஏதாவது போதும் என்பதே அவருடைய பதிலாக இருந்தது. ராவ் மாதந்தோறும் பணம் அனுப்பினார்.

1912-இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தரானார் இராமானுஜன். கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் இருவருக்குக் கடிதம் எழுதினார், உதவி கிடைக்கவில்லை. 1913 ஜனவரி 16 அன்று மூன்றாமவரான ஹார்டிக்கு எழுதினார். அதில் தன் நிலையை மறைக்கவில்லை. தன் தேற்றங்களைப் பக்கம் பக்கமாக இணைத்திருந்தார். ஹார்டி ஆர்வத்தோடு பதில் எழுதி, நிரூபணங்களைக் கேட்டார். அங்கே தொடங்கியது ஆழ்ந்த ஒரு நட்பு. 1914-இல் இராமானுஜன் கப்பலேறினார். 1918-இல் இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி உறுப்பினரானார்.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? முதலாவதாக, நம் தேவையோடு நம் உழைப்பையும் முன்வைக்க வேண்டும். நாம் செய்த ஒரு சிறு இயந்திர மாதிரியோ, பயிற்சியில் கற்ற ஒரு வேலையோ நமக்காகப் பேசும். இரண்டாவதாக, கேட்பவருக்குப் புரியும் இடத்திலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும். மூன்றாவதாக, அவரால் கொடுக்கக்கூடிய சிறிய ஒன்றைக் கேட்க வேண்டும்: ஓர் ஆலோசனை, அரை மணி நேரம், இன்னொருவரின் பெயர். நான்காவதாக, பதில் வராவிட்டால் கசப்படையாமல் அடுத்த கதவைத் தட்ட வேண்டும்.

பேசுவதற்கு முன் கேட்பதும் தேவை. திருத்தூதர் பணிகள் 8-ஆம் அதிகாரத்தில் பிலிப்பு, காசாவுக்குச் செல்லும் பாதையில் எத்தியோப்பிய அரச அலுவலரைச் சந்திக்கிறார். அவர் எசாயாவின் நூலை வாசிப்பதை முதலில் காதுகொடுத்துக் கேட்கிறார். பிறகு, வாசிப்பது விளங்குகிறதா என்று வினவுகிறார். அந்த ஒரு கேள்வியால் அலுவலரே அவரைத் தேரில் ஏறி அமரச் சொல்கிறார். நாமும் புதியவரிடம், "உங்கள் வேலையில் கடினமானது எது? இதை எப்படிக் கற்றீர்கள்?" என்று மனதாரக் கேட்கலாம். ஊரை விட்டு வந்து தனியாகத் தங்கியிருக்கும் அதிகாரிக்கும் பேச்சுத் துணை தேவைதானே! அவர் நாம் ஏறிச் செல்லும் ஏணி அல்லர். இறைச்சாயல் கொண்ட மனிதர்.

வேலையில் இருக்கும் நமக்கும் இதில் பொறுப்பு உண்டு. சவுல் மனம் மாறி எருசலேமுக்கு வந்தபோது சீடர்கள் அவரைக் கண்டு அஞ்சினார்கள். பர்னபாதான் அவரைத் திருத்தூதர்களிடம் அழைத்துச் சென்று, அவருக்கு நடந்ததை எடுத்துச் சொன்னார் (திப 9:27). இது சிபாரிசு அன்று. தகுதியில்லாதவருக்கு இடம் பிடித்துக் கொடுப்பது சிபாரிசு. அதனால் தகுதியுள்ள இன்னொரு ஏழையின் பிள்ளை வெளியே நிற்க நேரிடும். தகுதியுள்ளவரைப் பற்றி உண்மையைச் சொல்லிக் கதவருகே அழைத்துச் செல்வதே அறிமுகம். இராமசாமி ஐயர் செய்தது அதுவே. கேட்ட வேலையை அவர் கொடுக்கவில்லை. ஆனால் வந்தவரை வெறுங்கையோடும் அனுப்பவில்லை.

உதவி பெற்ற பின் மறந்துவிடுவதும் நம்மிடையே உள்ள குறை. நேர்முகத் தேர்வுக்குப் போனோம், கிடைத்தது அல்லது கிடைக்கவில்லை என்று ஒரு வரி தெரிவித்து நன்றி சொன்னால், அடுத்த இளைஞருக்கும் அவர் கதவைத் திறப்பார்.

அடுத்த ஞாயிறு ஆலய வாசலில் ஒரு புதிய முகத்தைக் காணும்போது, அவர் நமக்கு எதற்குப் பயன்படுவார் என்று கணக்கிடாமல், அவர் யார் என்று அறிய முயல்வோமா? செவிகொடுக்கும் உள்ளத்தையும், உண்மை பேசும் நாவையும், பிறருக்குக் கதவு திறக்கும் கைகளையும் நமக்குத் தருமாறு இறைவனிடம் வேண்டுவோம்.