உங்களுக்குத் தெரியுமா? – ஆயிரம் ஆண்டு உறங்கிய எரிமலைக்குக் காது கொடுப்பவர்கள்

ஐஸ்லாந்தின் மேற்குக் கரையில் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது ஸ்னைஃபெல்ஸ்னெஸ் தீபகற்பம். அதன் நுனியில் பனி மூடி நிற்கும் ஸ்னைஃபெல்ஸ்யோகுல் எரிமலையின் புகழ் பெரிது. 1864-இல் ஜூல்ஸ் வெர்ன் எழுதிய நாவலில் பூமியின் மையத்தைத் தேடிப் போகிறவர்கள் இறங்கும் வாசல் அதுதான். ஆனால் அதற்குக் கிழக்கே, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளத்துக்கு இன்னொரு எரிமலைத் தொகுதி படுத்திருப்பது பலருக்குத் தெரியாது. லியோசுஃப்யோட்ல் என்று பெயர். 'வெளிர் மலைகள்' என்று பொருள். படத்தில் வரைகிற ஒற்றைக் கூம்பு அல்ல இது. சிறு சிறு எரிமலை வாய்கள் வரிசையாகச் சிதறிக் கிடக்கும் நிலம். கடைசியாக இங்கே நெருப்பு வெளிவந்தது கி.பி. 960-ஐ ஒட்டி. அதன்பின் ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக எதுவும் இல்லை.

●

அந்தக் கடைசி நெருப்பைப் பற்றி ஒரு கதை எழுத்தில் இருக்கிறது தெரியுமா? ஐஸ்லாந்தில் முதலில் குடியேறியவர்களைப் பற்றிச் சொல்லும் 'லாண்ட்நாமாபோக்' என்ற பழைய நூலில் வருகிறது. தோரிர் என்ற முதியவர், கண் தெரியாதவர், ஒரு மாலையில் வெளியே வருகிறார். பெருத்த உருவமும் கொடிய தோற்றமும் கொண்ட ஒருவன் இரும்புப் படகில் ஆற்று முகத்துக்குள் துடுப்புப் போட்டு வருவதைக் காண்கிறார். வந்தவன் கரையேறி, ஒரு பண்ணையின் கால்நடைப் பட்டி வாசலில் தோண்டுகிறான். அன்று இரவே அந்த இடத்தில் நிலத்தடி நெருப்பு எழுகிறது.

எல்ட்போர்க் என்ற அழகிய எரிமலை வாயோடுதான் மக்கள் இந்தக் கதையைச் சேர்த்துச் சொல்வார்கள். பாறைகளை ஆராய்ந்தவர்களோ எல்ட்போர்க் அதைவிடப் பல்லாயிரம் ஆண்டு பழையது என்கிறார்கள். கதைக்குப் பின்னால் உண்மை நிகழ்வு இருந்தால், அது அருகிலுள்ள ரவுத்ஹால்சார் என்ற சிறு வாயாக இருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. எனக்கு இந்தக் கதையில் மனம் நிற்கிற இடம் ஒன்றுதான். மற்றவர் கண்ணில் படாத ஒன்றைக் கண் தெரியாத ஒருவர் முன்கூட்டி அறிகிறார். இன்று அதே நிலத்தில் நில அதிர்வுமானிகள் செய்வதும் அதைத்தான்.

●

2021 மே மாதம் முதல், லியோசுஃப்யோட்ல் தொகுதியில் உள்ள க்ரியோட்டார்வட்ன் என்ற ஏரிப் பகுதியில் சின்னச் சின்ன அதிர்வுகள் பதிவாகத் தொடங்கின. பெயரைப் பிரித்தால் 'கல்லாற்று ஏரி'. பெரும்பாலானவை யாருக்கும் உறைக்காதவை. 2024 ஆகஸ்டுக்குப் பிறகு எண்ணிக்கை கூடியது. அந்த ஆண்டு டிசம்பரில் ரிக்டர் அளவில் 3-ஐத் தாண்டிய ஒன்று வந்தது. 2025 ஜனவரி தொடக்கத்தில், தனித்தனி அதிர்வுகளாக இல்லாமல் ஒரே தொடராக நீண்ட குமுறல் ஒன்றையும் கருவிகள் பிடித்தன. ஐஸ்லாந்து வானிலை மையம்தான் இதையெல்லாம் கவனிக்கிறது. அந்த நாட்டில் மழையையும் பனிச்சரிவையும் எரிமலையையும் பார்த்துக்கொள்வது ஒரே அலுவலகம்.

●

அதிர்வு எவ்வளவு பெரியது என்பதைவிட எவ்வளவு ஆழத்தில் வந்தது என்பதுதான் இங்கே ஆய்வாளர்களைக் கவலைப்பட வைத்தது. 15 முதல் 20 கிலோமீட்டர் ஆழம்! அந்த ஆழத்தில் பாறை சூட்டினால் இளகியிருக்கும்; உடையாமல் மெல்ல நெளிந்து கொடுக்கும். வெல்லப்பாகை நினைத்துக்கொள்ளுங்கள். இளஞ்சூட்டில் மெதுவாக இழுத்தால் கம்பியாக நீளும். அதையே வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். நெளிய வேண்டிய பாறை உடைகிறது என்றால், ஏதோ ஒன்று அதை வேகமாக நெருக்குகிறது. கீழிருந்து மேலே வரும் பாறைக்குழம்பு அப்படி நெருக்கக்கூடியது. இத்தனைக்கும் தரைமட்டம் உயர்ந்ததற்கான அறிகுறி எதுவும் அந்த மாதங்களில் தென்படவில்லை. அத்தனை ஆழத்தில் நடப்பது மேலே தெரியாமல் போவதும் இயல்பே. அதனால் அங்கே காது மட்டுமே துணை.

●

அதிர்வு நடந்த தூரத்தைக் கணக்கிட எளிய வழி உண்டு. ஒவ்வொரு நடுக்கமும் இரண்டு வகை அலைகளை அனுப்பும். ஒன்று வேகமானது, மற்றது மந்தமானது. இரண்டும் வந்து சேரும் இடைவெளி எத்தனை நொடி என்று பார்த்து, எட்டால் பெருக்கினால் தோராயமான கிலோமீட்டர் கணக்கு கிடைத்துவிடும். ஆனால் அது தூரம் மட்டும்தான், திசை அல்ல. ஒரு கருவி இருந்தால் ஒரு வட்டம். இரண்டு இருந்தால் இரு வட்டங்கள் வெட்டும் இரண்டு புள்ளிகள். மூன்றாவது கருவி வந்தால்தான் இடம் உறுதியாகும்.

●

அந்த மூன்றாவது கருவி இல்லாமல் போனதால் என்ன ஆனது தெரியுமா?

ஐஸ்லாந்தின் தெற்கே ஹெய்மேய் என்று ஒரு தீவு. அங்கே இருந்த எரிமலை சுமார் 5,000 ஆண்டுகளாக ஓய்ந்திருந்தது. அதன் அடிவாரத்திலேயே ஊர், மீன்பிடித் துறைமுகம், ஏறத்தாழ 5,300 மக்கள். 1973 ஜனவரி 21 இரவு மெல்லிய அதிர்வுகள் தொடங்கின. ஊரில் யாருக்கும் தெரியவில்லை. 60 கிலோமீட்டர் தொலைவில் நிலப்பரப்பில் இருந்த ஒரு நிலையம் மறுநாள் விடியலுக்கு முன், 1 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் மட்டும், நூற்றுக்கும் மேற்பட்ட அதிர்வுகளைப் பதிவு செய்தது. ஆனால் அந்நேரம் பயன்படும்படி இருந்தவை இரண்டே நிலையங்கள். வட்டங்கள் இரண்டு இடங்களில் வெட்டின. ஒன்று ஹெய்மேய் பக்கம். இன்னொன்று நிலப்பரப்பின் உள்ளே, இன்னொரு எரிமலைப் பகுதியில். எது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஐயாயிரம் ஆண்டு உறங்கிய மலையை யார் சந்தேகிப்பார்கள்?

ஜனவரி 22 முற்பகலில் அதிர்வுகள் நின்றன. இரவு 11 மணிக்குப் பிறகு மறுபடி ஏழு அதிர்வுகள். ஒன்றைவிட ஒன்று மேலே மேலே வந்தன. எல்லாவற்றிலும் பெரியது ரிக்டர் அளவில் வெறும் 2.7. நள்ளிரவு கடந்து 1.55 மணிக்கு ஊரின் விளிம்பில் நிலம் பிளந்தது. சற்று நேரத்தில் அந்தப் பிளவு 1,600 மீட்டர் நீண்டு, தீவின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை நெருப்பு வேலியாக நின்றது. முந்தைய நாள் புயலால் மீன்பிடிப் படகுகள் எல்லாம் துறையிலேயே கட்டிக்கிடந்தன. அந்தப் படகுகளில்தான் ஊரில் பெரும்பாலோர் அன்றிரவே ஏறித் தப்பினார்கள். புயல் அடிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனம் பதறுகிறது. சுமார் 400 வீடுகள் சாம்பலிலும் குழம்பிலும் போயின.

அந்த அதிர்வுகளின் ஆழம் என்ன? 15 முதல் 25 கிலோமீட்டர். கல்லாற்று ஏரிக்கு அடியில் இன்று கேட்கிற அதே ஆழம். ஹெய்மேய்க்கு நடந்ததுதான் இங்கும் நடக்கும் என்று இதற்குப் பொருள் இல்லை. மேலே வரத் தொடங்கும் பாறைக்குழம்பு பெரும்பாலும் வழியிலேயே நின்று ஆறிவிடும். ஆனாலும் அந்த ஆழத்து ஓசையைக் கேட்டவர்கள் அதை அலட்சியம் செய்வதில்லை. அவர்களுக்கு 1973 மறக்கவில்லை.

●

நடுக்கம் பெரிதானால்தான் எரிமலை எழும் என்று நினைக்கிறீர்களா? ஹெய்மேயில் 2.7 போதுமானதாக இருந்தது. ரெய்க்யானெஸ் தீபகற்பத்தில் உள்ள ஃபாக்ரடால்ஸ்ஃப்யாட்லிலோ 2021 பிப்ரவரி 24 அன்று 5.7 அளவில் ஒரு நடுக்கம் வந்தது. வெளியான ஆற்றலைக் கணக்கிட்டால் சுமார் 30,000 மடங்கு வித்தியாசம். அந்தத் தீபகற்பம் ஏறத்தாழ 800 ஆண்டுகளாக நெருப்பைக் காணாதது. மூன்று வாரங்களில் 50,000-க்கும் மேற்பட்ட அதிர்வுகள். தலைநகர் ரெய்க்யாவிக்கில்கூட மக்கள் தூக்கம் கெட்டார்கள்.

பிறகு அதிர்வுகள் குறைந்தன. நிலம் நகர்வதும் தளர்ந்தது. அடங்கிவிட்டது போலும் என்ற பேச்சு எழுந்தது. மார்ச் 19 இரவு 8.45 மணி அளவில் பள்ளத்தாக்கில் செவ்வொளி தெரிந்தது. அமைதி வந்தது குழம்பு நின்றதால் அல்ல. உடைப்பதற்கு எதிரே இறுக்கமான பாறை அதிகம் மிஞ்சாததால் என்று பின்னர் விளக்கினார்கள். அடங்குவதையும் ஓர் அறிகுறியாகப் படிக்க வேண்டும் என்பது அப்போது கற்ற பாடம்.

●

அருகில் கருவி இல்லாமல் போன எரிமலை ஐஸ்லாந்துக்கு வெளியேயும் உண்டு. அலாஸ்காவின் சிட்கா நகருக்கு எதிரே எட்ஜ்கம்ப் என்ற உறங்கும் எரிமலை. 1974 ஏப்ரல் 1 அன்று ஊர்க்காரர் ஒருவர் பழைய டயர்களை ஹெலிகாப்டரில் கொண்டுபோய் அதன் வாயில் எரித்து, மலை புகைகிறது என்று ஊரையே நம்ப வைத்தார். 2022 ஏப்ரலில் அங்கே உண்மையாகவே அதிர்வுகள் வந்தன. மிக அருகில் இருந்த அதிர்வுமானி 24 கிலோமீட்டர் தள்ளி! ஆய்வாளர்கள் பழைய செயற்கைக்கோள் ரேடார் படங்களைத் தோண்டி எடுத்துச் சில நாட்களில் கணக்குப் போட்டார்கள். 2018 ஆகஸ்டிலிருந்தே நிலம் உயர்ந்து வந்திருக்கிறது; மொத்தம் சுமார் 27 சென்டிமீட்டர். நான்கு ஆண்டுகளாக மலை சொல்லிக்கொண்டிருந்ததை அதுவரை யாரும் படிக்கவில்லை.

●

ஆழத்திலிருந்து வரும் இத்தகைய அதிர்வுகள் ஜெர்மனியிலும் உண்டு. ஐஃபெல் பகுதியின் லாஹர் ஏரி, சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு பெருவெடிப்பின் பள்ளம். 2013 முதல் அதன் அடியில் 10 முதல் 40 கிலோமீட்டர் ஆழத்தில் மெல்லிய, தாழ்ந்த அதிர்வுகள் பதிவாகியுள்ளன.

●

மீண்டும் கல்லாற்று ஏரிக்கு வருவோம். 2024 இலையுதிர் காலத்தில் பக்கத்து ஹீட்டார்டாலுர் பள்ளத்தாக்கில் புதிய அதிர்வுமானி ஒன்று வைக்கப்பட்டது. அதன்பின் பட்டியலில் அதிர்வுகளின் எண்ணிக்கை ஏறியது. இதில் எவ்வளவு மலையின் மாற்றம், எவ்வளவு கருவி அருகில் வந்ததன் பலன்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் எண்ணிக்கையைப் பார்த்து யாரும் அஞ்சக் கூடாது. அதனால் ஆய்வாளர்கள் பழைய நிலையங்களே கேட்டிருக்கக்கூடிய அளவுள்ள அதிர்வுகளை மட்டும் தனியே பிரித்து, முன்னும் பின்னும் ஒப்பிடுகிறார்கள். அப்படிப் பார்த்தபோதும் கூடியிருந்தது. அதற்குப் பிறகுதான் அங்கே கண்காணிப்பை இன்னும் நெருக்கினார்கள்.