மீட்டர் சொல்லும் பொய்

படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ் சகிதம் வண்டியிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டு ஊர் சுற்றுவது இந்தியாவில் பரவலாகத் தொடங்கியது சமீபத்தில்தான். கேரள அரசு 2021இல் இதற்கென்றே கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. வாகமண் மலையில் வண்டிகள் நிற்கத் தனி இடமே உண்டு. நிற்கும் வண்டிக்கு மின்சாரம் தருவது, மின்வெட்டின்போது நம் வீட்டு மூலையில் உறுமும் அதே இன்வெர்ட்டர். பேட்டரியின் 12 வோல்ட்டை அது 230 ஆக்குகிறது.

ஆக்குகிறதா? சந்தேகம் வருகிறது. ஃபேன் முனகுகிறது, ஃபிரிட்ஜ் திணறுகிறது. மெக்கானிக் மீட்டரை வைக்கிறார். 180 வோல்ட். இன்வெர்ட்டர் போச்சு என்று தீர்ப்பாகிவிடுகிறது. ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினால் அதிலும் 180!

கோளாறு பல சமயம் மீட்டரில்தான். மின்வாரியம் தரும் மின்சாரம் அலைபோல வழுவழுப்பாக ஏறி இறங்கும். விலை மலிவான இன்வெர்ட்டர் தருவதோ படிக்கட்டு: சட்டென்று ஏற்றம், சற்று நேரம் சமநிலை, பூஜ்யம், பிறகு சட்டென்று எதிர்த்திசை. சாதாரண மீட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. வருவது வழுவழுப்பான அலை என்று நம்பி, சராசரியை அளந்து 1.11ஆல் பெருக்கிக் காட்டுகிறது. படிக்கட்டின் உச்சம் 325 வோல்ட், அது பாதி நேரம்தான் நீடிக்கிறது என்றால், பல்பை எரிக்கும் உண்மையான அளவு 230. சராசரி 162தான். மீட்டர் 180 காட்டும். இடைவெளியே இல்லாத சதுர அலையில் கதை தலைகீழ்: 230 இருந்தால் 255 என்று பயமுறுத்தும். ‘ட்ரூ ஆர்எம்எஸ்’ என்று எழுதிய மீட்டர் மட்டுமே இங்கு நம்பகமானது. விலை கூடுதல்தான், தேவையின்றி வாங்கும் இன்வெர்ட்டரைவிடக் குறைவு.

சிலர் பெட்டியைத் திறந்து உள்ளே திருகி, மீட்டரில் 230 வரவழைத்துவிடுகிறார்கள். அப்போது நிஜத்தில் ஓடுவது 260 வோல்ட்டோ அதற்கும் மேலோ. அடி வாங்குவது ஃபிரிட்ஜ்.

இன்னொரு குழப்பம் உயிர் சம்பந்தப்பட்டது. ஒரு கம்பிக்கும் வண்டியின் உலோக உடலுக்கும் இடையே அளந்தால் 115 அளவில் காட்டலாம். பாதி மின்சாரம் எங்கே போனது? எங்கும் போகவில்லை. அந்த இன்வெர்ட்டரில் நியூட்ரல் உடலோடு இணைக்கப்படவில்லை, அவ்வளவுதான். இந்த அமைப்பில் முதல் கசிவு யாருக்கும் தெரியாது. வேறொரு கருவியில் மற்ற கம்பியிலும் கசிந்தால்தான் விபரீதம். கசிவைக் கண்டதும் துண்டிக்க வேண்டிய ஈஎல்சிபி அப்போதும் சும்மா இருக்கக்கூடும். அதற்காக நியூட்ரலை நாமே உடலோடு முறுக்கிவிடக் கூடாது. சில மாடல்கள் அந்த நொடியே கருகிவிடும். கையேட்டைப் பார்த்து எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை இது.

சரி, ஃபேன் முனகுவானேன்? படிக்கட்டு அலைக்கு மோட்டார் முனகத்தான் செய்யும். ஃபிரிட்ஜ் திணறினால் மீட்டரை பேட்டரி பக்கம் கொண்டுபோக வேண்டும். 1,000 வாட் எடுக்க 12 வோல்ட் கம்பியில் 83 ஆம்பியருக்கு மேல் ஓடுகிறது. கம்பி மெலிதாகவோ முனை துருப்பிடித்தோ இருந்தால் வழியிலேயே ஒரு வோல்ட் காணாமல் போகும். ஃபிரிட்ஜ் ஓடும்போதே பேட்டரி முனையில் ஒருமுறை, இன்வெர்ட்டர் முனையில் ஒருமுறை அளக்க வேண்டும். அங்கே 12.2, இங்கே 11 என்றால் மாற்ற வேண்டியது கம்பியை. இந்தப் பக்கம் நேர் மின்சாரம் என்பதால் மலிவான மீட்டரே போதும்.