வண்டியின் கண் கண்டது எங்கே தங்கும்?

மட்டக்களப்பிலிருந்து கொழும்பு நோக்கிச் செல்லும் வீதியில், வாழைச்சேனையைக் கடந்து புணானை, வெலிக்கந்தைப் பக்கமாக இரவில் வண்டி செலுத்தியோர் அறிவர், அங்கே யானை எப்பொழுது குறுக்கே வரும் என்று எவராலும் சொல்ல இயலாது. யானை இல்லையேல் மாடு; மாடும் இல்லையேல் பின்விளக்கற்ற உழவு இயந்திரம். மோதல் ஒன்று நேர்ந்துவிட்டால், பிழை யாருடையது என்ற வாதம் அந்த இடத்திலேயே தொடங்கிவிடும். இதற்குச் சாட்சியாகவே, வழி நெடுகிலும் கண்டதைப் பதிந்துகொண்டு வரும் கமராக்கள் இக்காலத்து மோட்டார் வண்டிகள் பலவற்றில் உடன்பொருத்தியே வருகின்றன. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு நம் நாட்டில் மீண்டும் வழி திறந்தபின் வந்திறங்கிய புதுவண்டிகள் சிலவற்றில், நிறுத்தி வைத்திருக்கும் வேளையிலும் சுற்றுமுற்றும் பார்த்துக் காவல் புரியும் கமராக்களும் உண்டு.

கண் இருந்தால் மட்டும் போதுமா? கண்டது மறவாதிருக்கவும் வேண்டும். அந்த நினைவு தங்குமிடம் விரல் நகத்தளவான மெமரி கார்ட்; சில வண்டிகளில் யூ.எஸ்.பி. துவாரத்தில் செருகும் சேமிப்பான். வண்டிக்குப் பல இலட்சம் கொடுப்போர் இதனை மட்டும் மலிவாகக் கிடைத்த கடையில் வாங்குவது விந்தையே.

மாணவர்கள் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தெளிவான படம் பதியும் கமரா ஒன்று நொடிக்கு 15 மெகாபிட் எழுதுகிறது என்று கொள்வோம். மணித்தியாலத்துக்கு அது 6.75 ஜிகாபைட் ஆகும். முன்னும் பின்னுமாக இரு கமராக்கள் எனின் 13.5. அப்படியாயின் 32 ஜிகாபைட் கார்ட் ஏறக்குறைய 2 மணி 20 நிமிடத்தில் நிரம்பிவிடும். நிரம்பியதும் பழையதை அழித்து அதன்மேல் புதியதை எழுதுவதே இக்கருவிகளின் வழக்கம். வெலிக்கந்தையில் கண்டதை, வண்டி குருநாகலைச் சென்றடையுமுன் கமரா மறந்திருக்கும்! 128 ஜிகாபைட் கார்ட் ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல் தாங்குமாதலின், கொழும்புப் பயணம் முழுவதும் அதனுள் அடங்கும்.

மோதலின் அதிர்ச்சியை உணர்ந்து அந்தப் பகுதியை அழியாமற் பூட்டிவைக்கும் வசதி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆயினும் மெல்ல உரசிச் சென்றவனை அது உணராமற் போகலாம். குண்டுங்குழியுமான ஒழுங்கையிலோ ஒவ்வொரு குலுக்கலையும் விபத்தென்று எண்ணிப் பூட்டிப் பூட்டி, கார்ட்டை வீணே நிரப்பிவிடும்.

கொள்ளளவைக் காட்டிலும் முதன்மையானது உழைக்கும் திறன். இவ்வகைச் சேமிப்பான்களின் உயிர்நாடியான நாண்ட் பிளாஷ் என்னும் நினைவகத்தை உலகுக்குத் தந்தவர் யப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய பூஜியோ மசுவோகா, ஆண்டு 1987. நுண்ணிய அறைகளில் மின்னணுக்களைச் சிறைவைத்தலே இதன் தந்திரம். அழித்து எழுதும் ஒவ்வொரு முறையும் அந்த அறையின் சுவர் சற்றே தேய்கிறது. கல்யாண வீட்டில் படம் எடுப்பவரின் கார்ட் மாதத்தில் இரண்டொரு முறை நிரம்பும். வண்டியிலுள்ளதோ நாளுக்கு இரண்டு முறையும் நிரம்பக்கூடும். ஆகவே தொடர்ப்பதிவுக்கென்றே செய்யப்பட்ட ‘ஹை எண்டியூரன்ஸ்’ வகையைத் தேடி வாங்குதல் வேண்டும். சான்டிஸ்க் நிறுவனம் தன் அவ்வகைக் கார்ட்டுக்கு 128 ஜிகாபைட் எனின் 10,000 மணித்தியாலமும், 256 எனின் 20,000 மணித்தியாலமும் எனக் கணக்குக் கூறியுள்ளது. நாளுக்கு இரண்டு மணித்தியாலம் ஓடும் வண்டிக்கு 10,000 என்பது பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல். இரவு பகலாகக் காவற்பதிவை ஓடவிட்டாலோ பதினான்கு மாதங்கூட இல்லை. காவற்பதிவு வேண்டுவோர் பெரிய கொள்ளளவை நாடுவது இதனால் ஆடம்பரமன்று.

இனி வெப்பம். 2018இல் அமெரிக்காவின் அரிசோனாவில் நடத்திய ஆய்வொன்றில், கோடை வெயிலில் ஒரு மணித்தியாலம் நின்ற மோட்டார்க் கார்களின் முன்தட்டுச் சராசரியாக 69 பாகை செல்சியஸ் வரை சூடேறியது. பாலைவனத்து வெயில் நமக்கில்லை. எனினும் கல்லடிக் கடற்கரையில் நண்பகலில் நிறுத்திய வண்டியின் கதவைத் திறந்தவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. நல்ல மெமரி கார்ட்கள் பல 85 பாகை வரை இயங்குமெனக் குறிக்கப்பட்டவை. சாதாரணப் பென்டிரைவ் அவ்வளவு தாங்குமென எண்ண வேண்டாம். கையடக்கமான எஸ்.எஸ்.டி. நெடுநாள் உழைக்கும், எனினும் 60 பாகையே எல்லையெனக் குறித்தவை அவற்றுள் உண்டு. அதனை முன்தட்டின்மேல் வையாது, மூடிய சிறு பெட்டகத்துள் வைத்தல் நன்று. டெஸ்லா வண்டிகளிலும் செருகுமிடம் அந்தப் பெட்டகத்துள்ளேயே அமைந்திருக்கிறது. குறைந்தது 64 ஜிகாபைட்டும், நொடிக்கு 4 மெகாபைட் தளராது எழுதும் வேகமும் வேண்டுமென அதன் கைந்நூல் கூறுகிறது.

ஒருபுறம் வாவி, மறுபுறம் கடல் என வாழும் நமக்கு உப்புக்காற்றும் ஒரு கவலை. கார்ட்டின் உட்புறம் இறுக மூடப்பட்டதாதலின் அதற்கு அஞ்ச வேண்டா. முனைகளை மட்டும் அவ்வப்போது உலர்ந்த துணியால் துடைத்துச் செருகுக.

போலிச் சரக்கும் சந்தையில் உண்டு. மேலே 256 என்றிருக்கும். உள்ளே 16 கூட இராது. வாங்கிய அன்றே கணினியில் இட்டு முழுவதும் நிரப்பி, நிரப்பியவற்றைத் திறந்து பாருங்கள். நடுவழியில் கோப்புகள் திறவாதொழியின் கடைக்காரரிடம் திரும்பச் செல்வதே வழி.

ஏடு செல்லரிக்குமுன் படியெடுத்து வைத்தனர் நம் முன்னோர். 1962இல் அச்சேறிய மட்டக்களப்பு மான்மியம் ஏட்டுச் சுவடிகளின் வழியாகவே நமக்குக் கிடைத்தது. கார்ட்டுக்கும் அதே முறைதான். விபத்து நேர்ந்தால் பதிவை நிறுத்தி, கார்ட்டைக் கழற்றி, மாற்றுக் கார்ட் ஒன்றைச் செருகுங்கள். கழற்றியதைக் கணினியில் படியெடுத்தபின், மூலத்தை வெட்டாமலும் ஒட்டாமலும் உறையிலிட்டுக் காக்க வேண்டும். உடனிகழ்வாகப் பதிந்த ஒலி, ஒளிப் பதிவுகளை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்க 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இடமளிக்கிறது. பதிவில் கைவைத்த ஐயம் எழுந்தால் அதன் மதிப்புப் போய்விடும்.

வண்டியின் மின்கலம் மாற்றியபின் கமராவின் கடிகாரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நேற்றைய விபத்தின் படத்தில் ஐந்தாண்டுக்கு முந்திய திகதி நின்றால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்கும் முதற் கேள்வி அதுவாகவே இருக்கும்.